‘சி.எம்.வி. பாஸிட்டிவ்’ என்றால் பயப்பட வேண்டுமா?

உங்கள் வீட்டில் எத்தனை பேர்? தாத்தா, பாட்டி, நீங்கள், உங்கள் கணவர், பள்ளிக்கூடம் போகிற ஒரு பையன். ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஐந்து பேரில் அநேகமாக நான்கு பேர் உடம்பிலாவது ‘ஸைட்டோமெகலோ வைரஸ்’ என்கிற கிருமி குடியிருக்கும் என்று சொன்னால் பதறிப்போவீர்கள். பதற வேண்டாம். இதை எழுதுகிற என் உடம்பிலும் அது இருக்கத்தான் செய்யும். நாற்பது, ஐம்பது வருடமாகக் கூடவே இருந்தும் அது நமக்கு ஒரு தும்மலைக்கூட வரவழைத்திருக்காது.

பிறகு எதற்கு அதைப்பற்றி ஒரு கட்டுரை என்கிறீர்களா? நூறு பேரிடம் சாதுவாக இருக்கிற இந்தக் கிருமி, ஒரு சிலரிடம் மட்டும் பொல்லாததாகி விடுகிறது. அந்த ஒரு சிலர் யார் என்று தெரிந்துகொண்டால், மற்றவர்கள் வீணாகப் பயப்படாமல் இருக்கலாம். பயப்பட வேண்டியவர்கள் சரியான நேரத்தில் டாக்டரிடம் போகலாம். நான் பார்த்தவரையில் நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. பயப்பட வேண்டாதவர்கள் அழுகிறார்கள். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்களுக்கோ இந்தப் பெயரே தெரிவதில்லை.

ஆந்தைக் கண் செல்கள்

‘ஸைட்டோ’ என்றால் செல். ‘மெகலோ’ என்றால் பெரியது. தான் புகுந்த செல்லை ஊதிப் பெரிதாக்கி விடுவதால் இந்தப் பெயர். 1881-லேயே ரிப்பர்ட் என்கிற ஜெர்மன் மருத்துவர், இறந்து பிறந்த ஒரு குழந்தையின் சிறுநீரகத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது வழக்கத்துக்கு மாறான பெரிய பெரிய செல்களைக் கண்டார். நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெள்ளை வளையம், பார்த்தால் ஆந்தை விழித்துப் பார்ப்பது மாதிரி இருக்கும். அது வைரஸின் வேலை என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1950-களின் நடுவில்தான் அமெரிக்காவில் மூன்று தனித்தனிக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்த வைரஸைப் பிரித்தெடுத்தன. அதில் ஒருவர் தாமஸ் வெல்லர். போலியோ வைரஸைச் சோதனைக்குழாயில் வளர்த்துக் காட்டியதற்காக 1954-ல் நோபல் பரிசு வாங்கியவர். 1960-ல் இதற்குப் பெயர் சூட்டியதும் அவர்தான். நாமும் இனி சுருக்கமாக சி.எம்.வி. என்றே சொல்வோம்.

இது ஹெர்ப்பிஸ் என்கிற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. சின்னம்மை வைரஸ் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். சின்ன வயதில் அம்மை வந்து போனவருக்கு அறுபது வயதில் இடுப்பில் அக்கி வருகிறதல்லவா? அம்மை இறங்கியபிறகும் வைரஸ் உடம்பை விட்டுப் போகாமல் நரம்புக்குள் பதுங்கியிருந்ததுதான் காரணம். சி.எம்.வி.யும் அதே ரகம். ஒருமுறை நுழைந்தால் ஆயுசுக்கும் போகாது. ரத்தத்தை உண்டாக்குகிற எலும்பு மஜ்ஜைச் செல்களில் ஒடுங்கிக் கிடக்கும். உடம்பின் காவல் பலமாக இருக்கும்வரை வெளியே தலை நீட்டாது.

எவ்வளவு பேருக்கு இருக்கிறது? உலக நாடுகளின் கணக்குகளையெல்லாம் தொகுத்து 2019-ல் ஒரு மதிப்பீடு வந்தது. நூற்றுக்கு 83 பேர். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 86 பேர். அமெரிக்காவில் இது குறைவு. அங்கே நாற்பது வயதுக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வந்துவிடுகிறது. இந்தியாவிலோ பல ஆய்வுகளில் பெரியவர்களிடையே நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டியே காட்டுகிறது. எச்சில், சிறுநீர், கண்ணீர், தாய்ப்பால், விந்து, ரத்தம் எல்லாவற்றிலும் இது கலந்து வரும். கூட்டுக் குடும்பம், ஒரே தட்டில் சாப்பாடு, ஒரே டம்ளர், நீண்ட நாள் தாய்ப்பால் என்று வாழ்கிற ஊரில் மூன்று நான்கு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்துவிடுவதில் ஆச்சரியமில்லை. வரும்போது லேசான ஜுரம், கழுத்தில் நெறிகட்டு, கொஞ்ச நாள் அசதி. பலருக்கு அதுவும் இருக்காது.

டார்ச் டெஸ்ட்டும் மாமியாரின் கோபமும்

என்னிடம் வருகிறவர்கள் கையில் சி.எம்.வி. ரிப்போர்ட் எப்படி வந்து சேருகிறது? பெரும்பாலும் ‘டார்ச்’ டெஸ்ட் மூலமாகத்தான். கர்ப்பிணியிடமிருந்து சிசுவுக்குப் போகக்கூடிய கிருமிகளின் முதலெழுத்துக்களைக் கோத்து 1971-ல் உண்டாக்கிய பெயர் அது. டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சி.எம்.வி., ஹெர்ப்பிஸ் எல்லாம் அதில் அடக்கம். இரண்டு தடவை கரு கலைந்த பெண்ணுக்கு இதை எழுதிக் கொடுக்கிற வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது.

ஒருநாள் ஒரு மாமியார், மருமகளைக் கையோடு அழைத்து வந்தார். இரண்டு முறை கரு தங்காமல் போயிருக்கிறது. மேஜை மேல் ரிப்போர்ட்டை வைத்தார்.

“அய்யா, இவ ரத்தத்துல கிருமி இருக்காம். பொறந்த வீட்டுலேர்ந்தே கொண்டு வந்திருக்கா. சொல்லாம கட்டிக் கொடுத்துட்டாங்க. உங்க மருந்துல அதை எடுத்துட முடியுமான்னு சொல்லுங்க.”

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரிப்போர்ட்டைப் படித்தேன். சி.எம்.வி. ஐ.ஜி.ஜி. பாஸிட்டிவ். ஐ.ஜி.எம். நெகட்டிவ்.

“அம்மா, இதே டெஸ்ட்டை உங்க மகனுக்கு எடுத்தாலும் அநேகமா இப்படித்தான் வரும். உங்களுக்கு எடுத்தாலும் வரும். எனக்கு எடுத்தாலும் வரும். யார் வீட்டிலேர்ந்து யார் கொண்டு வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது” என்றேன். அந்த அம்மாள் நம்பாமல் என்னை ஒரு பார்வை பார்த்தார். நம்ப வைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

வாசகிகள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஐ.ஜி.ஜி. என்பது கிருமி அல்ல. கிருமியை எதிர்த்து நம் உடம்பு தயாரித்து வைத்திருக்கிற எதிர்ப்புப் பொருள். பெரியம்மைத் தழும்பு மாதிரி. தழும்பைப் பார்த்தால் எப்போதோ அம்மை வந்தது என்று தெரியும். இப்போது வந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. ஐ.ஜி.எம். என்பது சமீபத்துச் சங்கதி. ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். பழைய வைரஸ் விழித்துக்கொண்டாலும் தலைகாட்டும். வேறு காய்ச்சலில் பொய்யாகவும் காட்டும்.

அதனால் ஐ.ஜி.எம். பாஸிட்டிவ் வந்த கர்ப்பிணிக்கு ‘அவிடிட்டி’ என்று இன்னொரு டெஸ்ட் செய்வார்கள். எதிர்ப்புப் பொருள் வைரஸை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று பார்ப்பது. புதிதாகக் கல்யாணமானவர்கள் கூச்சத்தோடு விரல் நுனியைப் பிடிப்பதற்கும், நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர்கள் ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? பிடி தளர்வாக இருந்தால் தொற்று கடந்த மூன்று நான்கு மாதத்துக்குள் வந்திருக்கலாம். பிடி இறுகியிருந்தால் பழசு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் எடுத்த டெஸ்ட்டில் பிடி இறுக்கமாக இருந்தால், புதுத் தொற்று கர்ப்பத்துக்கு முன்பே வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

திரும்பத் திரும்பக் கரு கலைவதற்கு ஐ.ஜி.ஜி. பாஸிட்டிவ் காரணமாகாது. அதற்காக டார்ச் டெஸ்ட் எடுப்பதில் பயனில்லை என்பதே இன்று பெரும்பாலான மகப்பேறு நிபுணர்களின் கருத்து. தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பையின் அமைப்பு, ரத்தம் உறையும் தன்மை, கணவன் மனைவி இருவரின் குரோமோசோம் என்று பார்க்க வேண்டியவை வேறு. அந்தப் பெண்ணையும் அதற்குத்தான் மகப்பேறு டாக்டரிடம் அனுப்பினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். “எங்கள் லேகியத்தை ஒரு மண்டலம் சாப்பிட்டால் ஐ.ஜி.ஜி. நெகட்டிவ் ஆகிவிடும்” என்று சொல்லிப் பணம் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என் துறையிலும் இருக்கிறார்கள். ஐ.ஜி.ஜி. நெகட்டிவ் ஆக வேண்டிய அவசியமே இல்லை. அது நம் காவல்காரன். காவல்காரனை விரட்ட யாராவது காசு கொடுப்பார்களா?

சிசுவுக்கு எப்போது ஆபத்து?

கர்ப்பமாக இருக்கும்போது முதன்முறையாக சி.எம்.வி. வந்தால், மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு கர்ப்பிணிகளில் அது சிசுவுக்குப் போகிறது. மாதம் ஏற ஏற, போகிற வாய்ப்பு கூடுகிறது. ஆனால் சேதம் அதிகமாவது முதல் மூன்று மாதத்தில் போனால்தான். மூளையும் காதும் உருவாகிற காலம் அது.

ஏற்கெனவே வைரஸ் உள்ள தாய்க்கு இந்த அபாயம் மிகவும் குறைவு. நூற்றுக்கு ஒன்று என்கிற அளவில்தான். அப்படியானால் நம் ஊர்ப் பெண்களுக்குக் கவலையே இல்லையா? இங்கேதான் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். பழைய வைரஸ் விழித்துக்கொள்ளலாம். அல்லது வேறு வகை சி.எம்.வி. புதிதாகத் தொற்றலாம். ஒருத்திக்கு வாய்ப்பு குறைவுதான். ஆனால் அப்படிப்பட்ட தாய்மார்கள் கோடிக்கணக்கில் இருக்கிற நாட்டில், நூற்றில் ஒன்று என்பதே பெரிய எண்ணிக்கையாகிவிடுகிறது. அமெரிக்காவில் பிறக்கிற 200 குழந்தைகளில் ஒன்று சி.எம்.வி.யோடு பிறக்கிறது. வைரஸ் அதிகமாகப் பரவியுள்ள ஏழை நாடுகளில் அதைவிடக் கூடுதல் என்கின்றன ஆய்வுகள்.

கர்ப்பிணிகள் செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். வைரஸை அதிகம் வெளியேற்றுகிறவர்கள் ஒன்றிலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகள். எச்சிலிலும் மூத்திரத்திலும் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். ஆகவே இரண்டாவது குழந்தைக்காகக் கர்ப்பமாக இருக்கிற அம்மாக்கள்தான் முதலில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பால்வாடி, அங்கன்வாடி, ப்ளே ஸ்கூலில் வேலை பார்க்கிறவர்களும்தான்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? குழந்தை மூன்று வாய் சாப்பிட்டுவிட்டு ஓடிப்போகும். “சோத்தை வீணாக்கக் கூடாது” என்று மிச்சத்தை அம்மா வழித்துச் சாப்பிடுவாள். குழந்தை கடித்த பிஸ்கட், உறிஞ்சிய ஸ்பூன், குடித்து வைத்த பால் எல்லாம் அம்மா வயிற்றுக்குத்தான். கர்ப்பமான ஒன்பது மாதத்துக்கு இதை நிறுத்திவிடுங்கள். மிச்சச் சோற்றை அப்பா சாப்பிடட்டும். குழந்தையைக் கொஞ்சும்போது உதட்டில் முத்தம் வேண்டாம், உச்சியில் கொடுங்கள். ஜட்டி மாற்றியபிறகும், மூக்கைத் துடைத்தபிறகும், எச்சில் பட்ட பொம்மையை எடுத்தபிறகும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கை கழுவுங்கள். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு. சாதாரணச் சோப்பே அதைக் கரைத்துவிடும். இதற்காகப் பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் சேர்க்காமல் தள்ளி வைக்க வேண்டியதில்லை.

கர்ப்ப ஆரம்பத்திலேயே புதுத் தொற்று உறுதியானால், வாலாஸைக்ளோவிர் என்கிற மருந்தை அதிக அளவில் கொடுத்துப் பார்த்த இஸ்ரேல் நாட்டு ஆய்வு 2020-ல் வெளியானது. மருந்து எடுத்தவர்களில் சிசுவுக்குப் போனது நூற்றுக்கு 11, எடுக்காதவர்களில் 30. பெரிய மருத்துவமனையில் நிபுணர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. தடுப்பூசி? இன்னும் கிடையாது. எதிர்பார்ப்போடு நடந்த ஒரு பெரிய தடுப்பூசிப் பரிசோதனையும் 2025-ல் தோல்வி கண்டது.

மூன்று வாரக் கெடு

சி.எம்.வி.யோடு பிறக்கிற பத்துக் குழந்தைகளில் ஒன்பது, பார்க்க நல்ல ஆரோக்கியமாகவே இருக்கும். ஒன்றுக்குத்தான் வெளியே தெரியும். எடைக் குறைவு, சிறிய தலை, நீடிக்கும் மஞ்சள் காமாலை, உடம்பில் ஊதா நிறப் புள்ளிகள், கல்லீரல் மண்ணீரல் வீக்கம், வலிப்பு. வெளியே ஒன்றும் தெரியாத அந்த ஒன்பது பேரிலும் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேருக்குப் பின்னால் காது மந்தமாகிறது. பரம்பரைக் காரணங்களை விட்டுவிட்டால், குழந்தைகளின் காது கேளாமைக்கு உலகம் முழுக்க முதல் காரணம் இந்த வைரஸ்தான்.

நம் ஊரில் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்றால் “சொந்தத்துல கட்டினதுனால வந்தது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். உறவுத் திருமணத்தால் காது கேளாமை வருவது உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அதுவே காரணமா என்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை. பேச்சு வரவில்லையே என்று இரண்டு வயதில் தேட ஆரம்பித்தால் காலம் கடந்துவிட்டிருக்கும். ஏனென்றால், பிறவியிலேயே வந்த சி.எம்.வி.யா, பிறந்தபிறகு தாய்ப்பாலிலோ மற்றவர் எச்சிலிலோ வந்த சாதாரண சி.எம்.வி.யா என்று நிச்சயமாகச் சொல்ல, பிறந்த 21 நாளுக்குள் குழந்தையின் சிறுநீரையோ எச்சிலையோ பி.ஸி.ஆர். முறையில் சோதிக்க வேண்டும். தாய்ப்பால் வாயில் இருந்தால் எச்சில் டெஸ்ட் பொய்யாகப் பாஸிட்டிவ் காட்டலாம். அதனால் சிறுநீரில் உறுதி செய்வார்கள்.

ஆகவே, பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையில் செய்கிற காது டெஸ்ட்டில் பாஸாகவில்லை என்றால் “அடுத்த மாசம் வந்து பார்த்துக்கலாம்” என்று இருந்துவிடாதீர்கள். “சி.எம்.வி.க்கும் பார்த்துவிடலாமா டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 2023 முதல் பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். நம் நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை.

கண்டுபிடித்து என்ன பிரயோஜனம் என்றால், இருக்கிறது. நோயின் அறிகுறியோடு பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்துக்குள் வால்கான்ஸைக்ளோவிர் மருந்தை ஆரம்பித்து ஆறு மாதம் கொடுத்தால், காதும் அறிவு வளர்ச்சியும் ஓரளவு மேம்படுவதாக 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும் மருந்து என்பதால் அடிக்கடி ரத்தம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். காது பிறந்தபோது நன்றாக இருந்து, மூன்று வயதில் மந்தமாகவும் கூடும். அதனால் சி.எம்.வி. உறுதியான குழந்தைக்கு முதல் டெஸ்ட்டில் பாஸானாலும் பள்ளிக்கூடம் போகும் வயதுவரை விட்டு விட்டுக் காதைச் சோதிக்க வேண்டும். முற்றிலும் கேட்காத குழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் உண்டு. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்கிறார்கள். எவ்வளவு சின்ன வயதில் வைக்கிறோமோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும்.

காவல் தளர்ந்தவர்கள்

அடுத்த கூட்டம், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள். எய்ட்ஸ் முற்றி, சி.டி.4 அணுக்கள் 50-க்கும் கீழே இறங்கியவர்களுக்கு இந்த வைரஸ் விழித்திரையைத் தாக்கிப் பார்வையைப் பறித்துவிடும். கண்முன்னால் பூச்சி பறப்பது போலவோ, புகை மூடினாற்போலவோ தெரிந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. மருந்து வந்தது. அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை வருவது அரிதாகிவிட்டது.

புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்கள், நாள்பட்ட ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், பெருங்குடல் புண் உள்ளவர்கள் எல்லோருக்கும் இது விழித்துக்கொள்ளலாம். கோவிட் இரண்டாம் அலையில், 2021-ல், டெல்லி சர் கங்கா ராம் மருத்துவமனையில் 5 கோவிட் நோயாளிகளுக்கு சி.எம்.வி.யால் குடலில் ரத்தப்போக்கு ஏற்பட்டதைக் கண்டுபிடித்தார்கள்.

சிறுநீரகம், கல்லீரல், மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உடம்பு புது உறுப்பைத் தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைக்கிறார்கள். அடக்கினால் சி.எம்.வி.க்குக் கொண்டாட்டம். கொடுப்பவருக்கு வைரஸ் இருந்து, வாங்குபவருக்கு இல்லாமலிருந்தால் அபாயம் மிக அதிகம். நம் ஊரில் இருவருக்குமே இருப்பதுதான் வழக்கம். முதல் ஆறு மாதம்தான் முக்கியமான காலம். தடுப்பு மருந்தை நிறுத்தியபிறகும் வரலாம். காரணமில்லாத ஜுரம், அசதி, வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு எது வந்தாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்கு ஓட வேண்டும்.

“எதிர்ப்பு சக்திக்கு ஏதாவது...”

இப்படிக் கேட்டுக்கொண்டு மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் என்னிடம் வருகிறார்கள். அமுக்கராச் சூரணம் சாப்பிடலாமா? சீந்தில் கொடி கஷாயம் குடிக்கலாமா? கூடவே கூடாது. உங்கள் டாக்டர் எதை அடக்க மருந்து கொடுக்கிறாரோ, அதையே நீங்கள் கிளப்பிவிடப் பார்க்கிறீர்கள். சில மூலிகைகள் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றும், சில இறக்கும். பம்ப்ளிமாஸ் பழம்கூட ஏற்றிவிடும். அவர்களுடைய நெஃப்ராலஜி டாக்டரிடம் கேட்காமல் நான் ஒரு சூரணம்கூடக் கொடுப்பதில்லை.

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். அந்த மருத்துவத்தின் மேல் எனக்குள்ள மதிப்பு கொஞ்சமும் குறையவில்லை. கர்ப்பிணியின் குமட்டலுக்கு மாதுளை மணப்பாகு மாதிரி இதமானது வேறில்லை என்பேன். ஆனால் சித்தர் நூல்களில் கிருமி என்று வருகிற இடத்திலெல்லாம் வைரஸைப் பொருத்திப் பார்க்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. சி.எம்.வி.யை அழிக்கும் என்று நிரூபணமான சித்த மருந்து எதுவும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு நிலவேம்புக் குடிநீரும் நான் கொடுப்பதில்லை.

தாய்ப்பாலில் வைரஸ் வரும் என்றால் பால் கொடுப்பதை நிறுத்திவிடலாமா என்று சில வாசகிகளுக்குச் சந்தேகம் வரும். நிறுத்தக் கூடாது. நிறைமாதக் குழந்தைக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தாயிடமிருந்து எதிர்ப்புப் பொருளும் சேர்ந்தே வந்திருக்கும். 32 வாரத்துக்கு முன்பே பிறந்த, 1,500 கிராமுக்குக் குறைவான குழந்தைகளுக்கு மட்டும் சில சமயம் தொந்தரவு வரலாம். பாலை உறைய வைத்துக் கொடுத்தால் வைரஸ் குறையும், முழுக்கப் போகாது. எப்படிக் கொடுப்பது என்று குழந்தை டாக்டர் சொல்லுவார். அவர்கூடப் பெரும்பாலும் தாய்ப்பாலையே கொடுக்கச் சொல்லுவார். அதுவரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே இருங்கள், வற்ற விட்டுவிடாதீர்கள்.